லென் டெய்ட்டன்: உளவு நாவல், போர் வரலாறு, நடுவில் கொஞ்சம் சமையல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இவர்? ஒரே வரியில் சொல்லுங்களேன்.

ஒரே வரியில் அடங்குகிற ஆள் இல்லை. உளவு நாவல் படிப்பவர்களைக் கேட்டால் 'தி இப்க்ரெஸ் ஃபைல்' எழுதியவர் என்பார்கள். இரண்டாம் உலகப்போரைப் பற்றித் தேடித்தேடிப் படிப்பவர்களைக் கேட்டால் 1940இல் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் நடந்த வான்போரைப் பற்றி 'ஃபைட்டர்' எழுதியவர் என்பார்கள். 1960களில் லண்டனில் தனியாக அறையெடுத்துத் தங்கியிருந்தவர்களுக்கோ, ஞாயிறு பேப்பரில் படம் போட்டுச் சமைக்கக் கற்றுக்கொடுத்தவர். மூன்றும் ஒரே ஆள்தான்.

1929 பிப்ரவரி 18 அன்று லண்டனின் மேரிலபோன் பகுதியில் பிறந்தார். உள்ளூர் மருத்துவமனையில் இடமில்லாததால் ஏழைகளுக்கான அரசு விடுதி ஒன்றின் மருத்துவப் பிரிவில் பிரசவம் நடந்தது. அப்பா கார் ஓட்டுநர், மெக்கானிக்கும்கூட. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஓவியப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த கேம்பல் டாட்ஜ்சனிடம் வேலை பார்த்தார். அம்மா பகுதிநேரச் சமையல்காரர். பெரிய மனிதர்களின் வாழ்க்கையைப் பின்வாசல் வழியாகப் பார்த்து வளர்ந்த பிள்ளை. இது முக்கியம், இவருடைய கதாநாயகர்கள் மேலதிகாரிகளைப் பார்க்கிற பார்வை முழுக்க இங்கிருந்து வந்ததுதான்.

எழுத வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?

என்ன செய்யவில்லை என்று கேட்பது சுலபம். பள்ளி முடிந்ததும் ரயில்வே குமாஸ்தா. பதினேழு வயதில் கட்டாயச் சேவைக்கு அழைப்பு வந்து விமானப்படை. அங்கே புகைப்படக்காரராகப் பயிற்சி கொடுத்து, படையின் புலனாய்வுப் பிரிவோடு அனுப்பிக் குற்றம் நடந்த இடங்களைப் படம் எடுக்க வைத்தார்கள். வெளியே வந்தபோது கிடைத்த பணத்தில் செயின்ட் மார்ட்டின்ஸ் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார், அங்கிருந்து உதவித்தொகை வாங்கி ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட், 1955இல் படிப்பு முடிந்தது. மாணவராக இருந்தபோதே ராயல் ஃபெஸ்டிவல் ஹால் சமையலறையில் பேஸ்ட்ரி செய்கிறவருக்கு உதவியாள். இவ்வளவு படித்துவிட்டு அடுத்து என்ன செய்தார் என்றால், பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தில் பணியாளராகச் சேர்ந்து பயணிகளுக்குச் சாப்பாடு பரிமாறப் போனார்! அதெல்லாம் 1956, 57இல். அப்புறம்தான் முழுநேர ஓவியர். நியூயார்க்கிலும் லண்டனிலும் விளம்பர நிறுவனங்களுக்கு வரைந்தார், ஏராளமான புத்தக அட்டைகள் போட்டார். ஜாக் கெரோவாக்கின் 'ஆன் தி ரோட்' நாவலுடைய பிரிட்டிஷ் முதல் பதிப்பின் அட்டை இவர் கைவண்ணம்.

இதைப் பார்த்துவிட்டு ஒரு இடத்தில் நிலையாக நிற்காதவர் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த வேலைக்குப் போனாலும் அங்கே காரியம் எப்படி நடக்கிறது, யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், எந்தக் கருவி எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்து மனதில் வரைந்து வைத்துக்கொள்கிற கண் அவருக்கு. பிறகு நாவலில் செய்ததும் அதுதான், வரலாற்று நூலில் செய்ததும் அதுதான், முட்டையை எப்படி அடிப்பது என்று படம் போட்டதும் அதுதான்.

சின்ன வயதில் பக்கத்தில் ஒரு உளவாளி பிடிபட்டதாகச் சொல்கிறார்களே, நிஜமா?

நிஜம். அன்னா வோல்கோஃப் என்று ஒரு பெண்மணி, புரட்சிக்குப் பின் ரஷ்யாவிலிருந்து வந்த குடும்பம், நாஜி ஆதரவாளர். லண்டனில் அமெரிக்கத் தூதரகத்தில் வேலை பார்த்த டைலர் கென்ட் என்ற குமாஸ்தா, சர்ச்சிலுக்கும் ரூஸ்வெல்ட்டுக்கும் இடையே போன செய்திகளின் நகல்களைத் திருடி வைத்திருந்தார். அந்த விவகாரத்தில்தான் 1940இல் வோல்கோஃப் கைதானார், பத்து ஆண்டு தண்டனை விழுந்தது. டெய்ட்டனின் அம்மா இந்த அம்மாள் வீட்டு விருந்துகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தவர். பதினோரு வயதுப் பையன் அந்தக் கைதை நேரில் பார்த்திருக்கிறான். முதன்முதலில் கதை எழுத உட்கார்ந்தபோது அது உளவுக் கதையாக வந்ததற்கு இது பெரிய காரணம் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் அவரும் உளவுத்துறையில் இருந்தவரா?

இல்லை. இயான் ஃபிளெமிங் கடற்படை உளவுப்பிரிவில் இருந்தவர், ஜான் லெ காரே உளவுத்துறையிலேயே சம்பளம் வாங்கியவர். டெய்ட்டனுக்கு அந்தப் பின்னணி எதுவும் கிடையாது. ஆனால் படித்தால் நம்ப மாட்டீர்கள், ஏனென்றால் அவர் ஒரு தந்திரம் செய்தார்: நாவலுக்கு அடிக்குறிப்பு போட்டார், கடைசியில் பின்னிணைப்பு சேர்த்தார். ஏதோ அரசாங்கக் கோப்பை யாரோ நம் கையில் கொடுத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். அலுவலக அரசியல் விஷயத்தில் அவருக்குக் கற்பனையே தேவைப்பட்டிருக்காது. ஏதாவது ஒரு விளம்பர நிறுவனத்தில் நாலு மாதம் வேலை பார்த்தவருக்கே போதுமான சரக்கு கிடைத்திருக்கும்.

'தி இப்க்ரெஸ் ஃபைல்' அப்படி என்ன புதுசு?

1962 நவம்பரில் வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் லண்டன் தியேட்டர்களில் முதல் ஜேம்ஸ் பாண்ட் படமான 'டாக்டர் நோ' வெளியாகியிருந்தது. ஒரு பக்கம் கோட் சூட் போட்ட, எந்த ஒயின் எந்த வருடத்தது என்று சொல்லக்கூடிய பாண்ட். இந்தப் பக்கம் டெய்ட்டனின் ஆள்: பெயரே இல்லை, பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவனில்லை, பாக்கிச் சம்பளம் எப்போது வரும், செலவுக் கணக்கு எப்போது பாஸாகும் என்பதுதான் கவலை. மேலே இருப்பவர்கள் எல்லாம் நல்ல குடும்பம், நல்ல ஆங்கிலம், மூளை மட்டும் சந்தேகம். அவர்களைப் பார்த்து இவன் அடிக்கிற நக்கல்தான் புத்தகத்தின் உயிர்.

கதை புரிவது கொஞ்சம் கஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேண்டுமென்றே விஷயங்களை விட்டுவிட்டுச் சொல்வார். முதல் ஐம்பது பக்கம் தலைகால் தெரியாது. இருந்தாலும் படியுங்கள், வசனத்துக்காகவே படிக்கலாம். வடிவ விளையாட்டும் அவருக்குப் பிடிக்கும். இதில் அத்தியாயத் தலைப்பில் ராசிபலன் வரும், இரண்டாவது நாவல் 'ஹார்ஸ் அண்டர் வாட்டர்' குறுக்கெழுத்துப் புதிரை வைத்து ஓடும், மூன்றாவது 'ஃபியூனரல் இன் பெர்லின்' நாவலில் சதுரங்கக் குறிப்புகள்.

பெயரில்லாத ஆள் என்கிறீர்கள், சினிமாவில் ஹாரி பாமர் என்று வருகிறதே?

அது சினிமாக்காரர்கள் வைத்த பெயர். 1965இல் சிட்னி ஃபியூரி இயக்க, மைக்கேல் கெய்ன் நடித்தார். தயாரித்தவர் ஹாரி சால்ட்ஸ்மன், பாண்ட் படங்களின் இரண்டு தயாரிப்பாளர்களில் ஒருவர். பாண்டுக்கு நேர் எதிரான ஆளையும் அவரே தயாரித்தார், வியாபாரி என்றால் அப்படி இருக்க வேண்டும். கண்ணாடி போட்ட, கடைக்குப் போய்க் காளான் டப்பா வாங்குகிற உளவாளி.

அந்தப் படத்தில் ஹாரி பாமர் சமைக்கிற காட்சி ஒன்று உண்டு. ஒரே கையால் முட்டையை உடைப்பார். நெருக்கத்தில் தெரிகிற அந்தக் கை கெய்னுடையது இல்லை, டெய்ட்டனுடையது. சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களும் அவர் வரைந்தவைதான்.

சுவரில் சமையல் படமா? அது என்ன?

டெய்ட்டன் நல்ல சமையல் புத்தகமாக வாங்குவார், ஆனால் எண்ணெய்க் கையோடு அதைத் தொட மனசு வராது. அதனால் செய்முறையைத் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து அடுப்புப் பக்கம் மாட்டிக்கொண்டார். இவ்வளவு வெண்ணெய், இந்தச் சட்டி, இவ்வளவு நேரம், அம்புக்குறி போட்டு அடுத்த கட்டம். இதைப் பார்த்த நண்பர் ரேமண்ட் ஹாக்கி, இதைப் பேப்பரில் போடலாமே என்றார். (இவர்தான் இப்க்ரெஸ் நாவலுக்கு அந்தப் புகழ்பெற்ற அட்டையை வடிவமைத்தவர்.) 1962 முதல் 1966 வரை 'அப்சர்வர்' ஞாயிறு இதழில் வந்தது. 1965இல் 'ஆக்‌ஷன் குக் புக்' என்று தொகுத்துப் போட்டார்கள்.

அடுப்பங்கரைப் பக்கமே போகாத ஆண்களைக் குறிவைத்து விற்ற புத்தகம், அட்டையும் அதற்கேற்ற மாதிரி கொஞ்சம் அலட்டல். ஆனால் உள்ளே இருக்கிற சமையல் அசல் சரக்கு, பிரெஞ்சு முறையை முறையாகக் கற்றவரின் வேலை. பிரெஞ்சு உணவைப் பற்றிப் பிற்பாடும் புத்தகம் போட்டார்.

சினிமா தயாரிப்பிலும் இறங்கினாரா?

இறங்கினார், சீக்கிரம் வெளியேயும் வந்தார். புகைப்படக் கலைஞர் பிரையன் டஃபியோடு சேர்ந்து முதல் உலகப்போரைக் கிண்டல் செய்யும் 'ஓ! வாட் எ லவ்லி வார்' மேடை நாடகத்தைப் படமாக்கினார். 1969இல் வந்தது, ரிச்சர்ட் அட்டன்பரோ இயக்கிய முதல் படம். திரைக்கதை டெய்ட்டனுடையது, ஆனால் படத்தில் அவர் பெயரைத் தேடாதீர்கள், அவரே எடுக்கச் சொல்லிவிட்டார். சினிமா உலகத்தைப் பற்றிப் பின்னர் 'க்ளோஸ்-அப்' என்று ஒரு நாவல் எழுதினார், பாசத்தோடு எழுதியதில்லை.

சரி, இவ்வளவு விளையாட்டாக இருந்தவர் திடீரென்று போர் வரலாற்றுக்கு எப்படிப் போனார்?

திடீரென்று இல்லை. நடுவில் ஒரு பாலம் இருக்கிறது, அந்தப் பாலம்தான் 1970இல் வந்த 'பாம்பர்'. என் கணக்கில் அவர் எழுதியதில் உச்சம் இதுவே.

கதை ஒரே ஒரு நாள், 24 மணி நேரம். 1943 ஜூன் 31. ஜூனுக்கு முப்பது நாள்தானே என்கிறீர்களா, அதேதான், நடக்காத நாளில் நடந்த தாக்குதல் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். பிரிட்டிஷ் லங்காஸ்டர் விமானங்கள் ஜெர்மனியின் தொழில் நகரமான கிரேஃபெல்டைத் தாக்கக் கிளம்புகின்றன. குறி தவறுகிறது. இலக்கைக் காட்ட எரியவிடும் விளக்குகள் தப்பான இடத்தில் விழ, பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்தே போட, ஆல்ட்கார்ட்டன் என்ற சின்ன ஊர் அழிகிறது. வில்லன் என்று யாரும் கிடையாது. விமானத்தில் இருக்கும் ஏழு பேர், அவர்களை வேட்டையாடக் கிளம்பும் ஜெர்மன் இரவு விமானிகள், ராடார் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள், அந்த ஊர் தீயணைப்புக்காரர்கள், எல்லோரையும் ஒரே அளவு கவனத்தோடு காட்டுகிறார். ஒவ்வொருவரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள். அப்படிச் செய்ததால்தான் ஊர் எரிகிறது.

ஒரு குண்டு எப்படி வெடிக்கிறது, விமானத்தின் இறக்கையில் எந்த இடத்தில் குண்டு பாய்ந்தால் என்ன ஆகும் என்று உணர்ச்சியே இல்லாத குரலில் பக்கம் பக்கமாகச் சொல்வார். சிலருக்கு அலுக்கலாம். ஆனால் அந்தக் குரலால்தான் படிப்பவர் வயிறு கலங்குகிறது. ஆந்தனி பர்ஜெஸ் 1984இல் தேர்ந்தெடுத்த 99 சிறந்த ஆங்கில நாவல்கள் பட்டியலில் இதுவும் ஒன்று. 1995இல் பி.பி.சி. வானொலி இதை ஒரே நாளில், கதை நடக்கும் நேரப்படியே துண்டு துண்டாக ஒலிபரப்பியது. மோட்டர்ஹெட் என்ற ராக் குழு தன் ஆல்பம் ஒன்றுக்கு இதன் பெயரை வைத்தது, அது தனிக்கதை.

கம்ப்யூட்டரில் எழுதப்பட்ட முதல் நாவல் என்கிறார்களே?

கம்ப்யூட்டர் என்று சொல்ல முடியாது, வேர்ட் பிராசசர் என்றால் சரி. 'பாம்பர்' அப்படி எழுதப்பட்ட முதல் நாவலாகப் பொதுவாக ஏற்கப்படுகிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் எம்.டி./எஸ்.டி. என்ற இயந்திரம்: ஒரு மின்சாரத் தட்டச்சு, கூடவே காந்த நாடா. திரை கிடையாது. தட்டுவது நாடாவில் பதியும், திருத்த வேண்டிய இடத்தை மட்டும் திருத்திவிட்டு மறுபடி ஓடவிட்டால் அதுவே பக்கத்தைத் தட்டித் தரும். எடை சுமார் 90 கிலோ. வீட்டு மாடிக்குக் கொண்டுபோக ஜன்னலைக் கழற்றிக் கிரேன் வைத்துத் தூக்கினார்கள். அதுவரை இவருடைய உதவியாளர் ஒவ்வொரு அத்தியாயத்தையும் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார், இயந்திரத்தை முக்கியமாக இயக்கியவரும் அவரேதான். அத்தனை பாத்திரங்கள், மணிக்கணக்குப் பிசகாத நிகழ்ச்சிகள் உள்ள கதைக்கு இது எவ்வளவு உதவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வரலாறு படிக்காதவர் எழுதிய வரலாற்றை நம்பலாமா?

இந்தக் கேள்வி அப்போதும் வந்தது. 1977இல் 'ஃபைட்டர்' வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் ஏ. ஜே. பி. டெய்லர், அன்றைய பிரிட்டனில் வரலாற்றாசிரியர் என்றால் சாதாரண ஜனங்களுக்கும் தெரிந்த பெயர். அது ஒரு நற்சான்று. ஆனால் நான் பார்ப்பது வேறு.

1940 வான்போர் பிரிட்டனில் கிட்டத்தட்ட புராணம். கொஞ்சம் இளைஞர்கள், ஸ்பிட்ஃபயர் விமானம், வீரம், வெற்றி. டெய்ட்டன் வீரத்தை மறுக்கவில்லை, அதற்குப் பின்னால் இருந்த ஏற்பாட்டைக் காட்டினார். கடலோர ராடார் கோபுரங்கள் சொல்லும் தகவல் எப்படி பென்ட்லி பிரையரி தலைமையகத்துக்குப் போய், அங்கே வடிகட்டப்பட்டு, வரைபட மேசைக்கு வந்து, விமான நிலையத்துக்குப் போகிறது. ஹ்யூ டௌடிங் என்ற தளபதி இந்த அமைப்பைப் போருக்கு முன்பே எப்படிக் கட்டினார். அவருக்குக் கீழே இருந்த லீ-மாலரி என்ற தளபதியின் தரப்பு, விமானங்களைப் பெருங்கூட்டமாகத்தான் அனுப்ப வேண்டும் என்று அவரோடும் இன்னொரு தளபதியான கீத் பார்க்கோடும் எப்படி மோதியது. ஜெயித்துக் கொடுத்த டௌடிங்கையும் பார்க்கையும் அந்த ஆண்டு முடிவதற்குள் எப்படி நகர்த்தினார்கள். எதிர்ப்பக்கம் ஜெர்மன் விமானப்படையின் மேலிடத்தில் இருந்த கேரிங், மில்ஹ், ஊடெட் மூவரும் எப்படி ஒருவரை ஒருவர் குழிபறித்தார்கள். இப்க்ரெஸ் நாவலின் அலுவலகச் சண்டை இங்கே நிஜ ஆட்களோடு நடக்கிறது.

கணக்கு விவகாரமும் இருக்கிறது. 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. உண்மையில் விழுந்தவை சுமார் 60. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டு மூன்று பேரும் கணக்கில் எழுதினால் அப்படித்தான் ஆகும், பொய் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. இரு தரப்பையும் ஒத்துப் பார்க்கிற இந்த மாதிரி வேலை அவருக்குக் கைவந்த கலை.

குறை? மனிதர்களை எடைபோடும்போது நாவலாசிரியர் தலைதூக்கிவிடுவார். இன்னார் இப்படிப்பட்டவர் என்று ஒரே வரியில் தீர்ப்பு. படிக்கச் சுவைதான், ஆனால் அந்த இடங்களில் மட்டும் இன்னொரு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மற்ற வரலாற்று நூல்கள்?

1979இல் 'பிளிட்ஸ்கிரீக்'. ஹிட்லரின் எழுச்சியில் தொடங்கி, 1940இல் பிரிட்டிஷ் படை கப்பலேறித் தப்பிய பிரெஞ்சுத் துறைமுகமான டன்கர்க் வரை. ஜெர்மன் படை முழுக்க டாங்கி, இயந்திரம் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்கலாம். அந்தப் படையின் பெரும்பகுதி குதிரை வண்டியை நம்பித்தான் நகர்ந்தது. 1993இல் 'பிளட், டியர்ஸ் அண்ட் ஃபாலி', கனமான புத்தகம், 1941 முடிவு வரையான போரைப் பல முனைகளிலும் பார்க்கிறது. இதில் கோபம் அதிகம், சொந்த நாட்டின் மீது. போருக்குத் தயாராகாத தொழிற்சாலைகள், திறமையைவிடக் குடும்பப் பின்னணியைப் பார்த்துப் பதவி கொடுத்த வழக்கம் என்று வெளுத்து வாங்குகிறார். சில பக்கங்களில் அதிகப்படியாகவே.

'எஸ்.எஸ்.-ஜி.பி.' வரலாறா, நாவலா?

நாவல், 1978. பிரிட்டன் தோற்று, 1941இல் லண்டன் ஜெர்மானியர் ஆட்சியில் இருக்கிறது. ஸ்காட்லாந்து யார்டு துப்பறிவாளர் டக்ளஸ் ஆர்ச்சர் ஒரு கொலையை விசாரிக்கிறார், அவருக்கு மேலதிகாரிகள் ஜெர்மானியர்கள். 'ஃபைட்டர்' வந்த மறுவருடம் இது வந்ததைக் கவனியுங்கள். எப்படி ஜெயித்தார்கள் என்று ஒரு புத்தகம், ஜெயிக்காமல் இருந்திருந்தால் என்று அடுத்த புத்தகம். பி.பி.சி. 2017இல் தொடராக எடுத்தது.

பெர்னார்ட் சாம்சன் நாவல்களை எந்த வரிசையில் படிப்பது?

பெர்னார்ட் சாம்சன் டெய்ட்டனின் இன்னொரு உளவாளிக் கதாநாயகன். அவர் வரும் நாவல்களை வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். 'பெர்லின் கேம்', 'மெக்சிகோ செட்', 'லண்டன் மேட்ச்' (1983–85). 'ஸ்பை ஹுக்', 'ஸ்பை லைன்', 'ஸ்பை சிங்கர்' (1988–90). 'ஃபெய்த்', 'ஹோப்', 'சாரிட்டி' (1994–96). நடுவில் 1987இல் 'விண்டர்', ஒரு பெர்லின் குடும்பத்தின் கதை, 1899இலிருந்து 1945 வரை. வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு 'விண்டர்' தனியாகவே நிற்கும்.

யாராவது 'ஸ்பை சிங்கர்' முதலில் படி என்றால் கேட்காதீர்கள். அதுவரை பெர்னார்ட் தன் வாயால் சொன்ன கதையை அது வேறொருவர் பக்கத்திலிருந்து சொல்கிறது, ஐந்து புத்தகமாக நாம் நம்பியதில் எவ்வளவு ஓட்டை என்று அப்போதுதான் தெரியும். அந்த அதிர்ச்சியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 'பெர்லின் கேம்' பின்னட்டையையும் படிக்காதீர்கள், சில பதிப்புகளின் அட்டைக்காரர்களுக்கு இரக்கமே கிடையாது.

1988இல் கிரனாடா தொலைக்காட்சி முதல் மூன்றையும் தொடராக எடுத்தது, இயான் ஹோம் நடித்தார். டெய்ட்டனுக்குப் பிடிக்கவில்லை.

லெ காரேயா, டெய்ட்டனா?

பள்ளிக்கூடப் பாரம்பரியம், துரோகத்தின் வேதனை என்றால் லெ காரே. அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே முதுகில் குத்துவது, தாமதமாக வரும் சம்பளம், நல்ல சாப்பாடு, பெர்லின் தெருக்கள் என்றால் டெய்ட்டன். இருவரையும் படித்தால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

நேரம் குறைவு. ஒன்றே ஒன்று என்றால்?

'பாம்பர்'. போர் வேண்டாம், ஆள் வேண்டும் என்றால் 'பெர்லின் கேம்'. நாவலே வேண்டாம் என்றால் 'ஃபைட்டர்'. இப்க்ரெஸை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள், அவர் குரல் பழகிய பிறகு அதன் குழப்பம் தொந்தரவு செய்யாது. அமெரிக்காவைக் களமாக வைத்து 1993இல் எழுதிய 'வயலன்ட் வார்டு' நாவலைக் கடைசிக்குத் தள்ளலாம்; எல்லாவற்றையும் படித்து முடித்து வேறு எதுவும் மிச்சமில்லை என்ற நிலையில் எடுத்தால் போதும்.